முறுக்கு டின்னுக்குள் ஒரு பக்கம்

ஈஜோக்
7 செப்டம்பர் 2025

தம்பி முகுந்தா,

போனில் பேசினால் நீயும் நானும் இரண்டாவது வார்த்தையிலேயே சண்டைக்கு நிற்கிறோம். அதனால்தான் எழுதுகிறேன். பினாங்கில் உன் கம்பெனியிலேயே எனக்கு டெலிபோன் ஆபரேட்டர் வேலை பார்த்து வைத்தாய். நான் வாத்தியார் வேலைக்குத்தான் போவேன் என்றேன். "பிள்ளைங்க உன்ன ஏமாத்திடுவாங்கக்கா" என்று நீ சொன்ன ஒரு வார்த்தைதான் இத்தனை மாதமாக நம் நடுவில் குந்திக்கொண்டிருக்கிறது. சரி, அதை இன்றைக்குக் கிளறப் போவதில்லை. இன்றைக்கு நான் நல்ல மனநிலையில் இருக்கிறேன்.

வேலை கிடைத்துவிட்டதுடா! ஜனவரியிலிருந்து பத்தாங் பெர்ஜுந்தை பக்கத்துத் தோட்டத் தமிழ்ப்பள்ளியில் உஷாராணி டீச்சர். லயத்து வீடுகளில் எல்லோரிடமும் சொல்லி முடித்துவிட்டு, அம்மா இப்போது மீன் லோரிக்காரரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். கண் தெரியாதவள் வகுப்பில் நின்று வாசிக்க வேண்டுமென்றால் பாடமெல்லாம் பிரெயிலில், புள்ளி எழுத்தில் இருக்க வேண்டும். கிள்ளானில் மூடிப்போன பார்வையற்றோர் சங்கத்திலிருந்து எனக்கு வந்த பிரெயில் பிரிண்டர் நன்றாகத்தான் இருக்கிறது. அதோடு வந்த பழைய கம்ப்யூட்டர்தான் சாகக் கிடக்கிறது. கால் பக்கம் அடிப்பதற்குள் மயங்கி விழுகிறது. புதுக் கம்ப்யூட்டருக்கோ இந்த மெஷினைத் தெரியவே தெரியாதாம். இரண்டுக்கும் நடுவில் நின்று பேசுகிற புரோகிராமை, டிரைவர் என்பாயே, அதைப் புதிதாக எழுத வேண்டும் என்கிறார்கள். மெஷின் செய்த கம்பெனி கைமாறிவிட்டது. இரண்டு தடவை எழுதினேன். "உங்கள் கடிதம் எங்களுக்கு முக்கியம்" என்று இரண்டு தடவையும் மெஷினே பதில் போட்டது.

ஆனால் நமக்கு யோகம் இருக்கிறது. தமிழ் எழுத்து சேர்ப்பதற்காக அந்தக் கம்பெனி தன் டிரைவரின் மூலக் கோடையே, அதாவது அந்தப் புரோகிராமை எழுதிய வரிகளையே, ஒரு காலத்தில் சங்கத்துக்குக் கொடுத்திருக்கிறது. அது இப்போது என்னிடம். நீதான் வேலை முடிந்து வந்து ராத்திரியெல்லாம் ஊர் உலகத்துக்கு டிரைவர் எழுதி இனாமாகக் கொடுக்கிற தர்மப் பிரபு ஆயிற்றே. கோப்பை இதோடு இணைத்திருக்கிறேன். பார்த்துச் சரிசெய்து கொடு.

சாப்பிட்டாயா என்று அம்மா கேட்கச் சொன்னார்.

அக்கா
உஷா


பாயான் லெப்பாஸ்
9 செப்டம்பர் 2025

அக்கா,

வேலை கிடைத்தது ரொம்ப சந்தோஷம். மனசாரச் சொல்கிறேன், நம்பு. சாப்பிட்டேன் என்று அம்மாவிடம் சொல்.

கோப்பை நான் திறக்கவில்லை. அப்படியே அழித்துவிட்டேன். கோபப்படாதே. அதை உன் கையில் கொடுத்தபோது ஏதாவது தாளில் கையெழுத்து வாங்கினார்களா? வாங்கியிருப்பார்கள். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று யாரையாவது படித்துச் சொல்லச் சொல். அதற்கு முன்னால் அந்தக் கோப்பை வேறு யாருக்கும் அனுப்பிவிடாதே. இணையத்தில் எங்கேயும் ஒட்டிவிடாதே.

முகுந்தன்


ஈஜோக்
11 செப்டம்பர் 2025

முகுந்தா,

நல்லா இருக்குடா உன் நியாயம்! ஆறு மாதம் கழித்து அக்கா வாய் திறந்து ஓர் உதவி கேட்டால், திறந்துகூடப் பார்க்காமல் அழித்திருக்கிறாய். உன் கடிதத்தை என் கம்ப்யூட்டர்தான் எனக்கு வாசித்தது. அதன் குரலில் எல்லாமே வானிலை அறிக்கை மாதிரி இருக்கும். அதனால் நீ தப்பித்தாய்.

தாள் இருக்கிறது. பக்கத்து வீட்டுக் கணேஸ்வரன் அண்ணன் தோட்ட ஆபீஸில் கணக்கு எழுதுகிற கிராணி, இங்கிலீஷ் தெரிந்தவர். அவரைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னேன். "வாங்கியவர் சொந்த உபயோகத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். வெளியாளுக்குக் காட்டக் கூடாது, பிரதி கொடுக்கக் கூடாது." கீழே என் கையெழுத்து. ஸ்கேல் வைத்து நேராகப் போட்டது.

கூடப் பிறந்தவன் வெளியாளா? ஒரே தட்டில் சோறு தின்றவன் வெளியாளா? ஈஜோக்கில், செம்பனைத் தோட்டத்துக்கு நடுவில், எவன் லா வந்து கேட்கப் போகிறான்? கணேஸ்வரன் அண்ணனும் அதையேதான் சொன்னார்: "யாரு தங்கச்சி பாக்கப் போறா? கம்பெனியே செத்துப் போச்சு."

ஜனவரியில் நான் பிள்ளைகள் முன்னால் கையை வீசிக்கொண்டு போய் நிற்க வேண்டும். அதுதான் உனக்கு வேண்டுமா?

உஷா


பாயான் லெப்பாஸ்
13 செப்டம்பர் 2025

அக்கா,

அது எனக்கு வேண்டாம். அப்படி நீ நினைத்தது வலிக்கிறது.

ஆனால் அந்தத் தாளுக்கு நான் வெளியாள்தான். அது ரத்த சொந்தம் பார்க்காது. கையெழுத்து போட்டது நீ, நாளைக்கு அரசாங்க வேலையில் இருக்கப் போகிறவளும் நீ. இன்னொன்று. நான் எழுதுகிற டிரைவர் உன் வீட்டோடு நிற்காது. பொதுவில் வைப்பேன், யாரும் எடுத்துக்கொள்வார்கள். அவர்கள் கோடை ஒரு தடவை பார்த்துவிட்டு நான் எழுதினால், அது என் மூளையில் வந்ததா அவர்களிடம் எடுத்ததா என்று எனக்கே சொல்லத் தெரியாது. பொது டிரைவர்களைத் திரட்டி வைக்கிறவர்களும் அதைச் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள்.

வேறு வழி இருக்கிறது. நான் கோடைப் பார்க்க மாட்டேன். மெஷின் என்ன செய்கிறது என்று மட்டும் நீ சொல். ஒரு சின்னப் பெட்டி அனுப்புகிறேன். பழைய கம்ப்யூட்டருக்கும் மெஷினுக்கும் நடுவில் ஒயரில் மாட்டினால், இரண்டும் ஒன்றுக்கொன்று என்ன அனுப்பிக்கொள்கின்றன என்று பதிவு செய்யும். நீ ஓர் எழுத்தை அடி. எந்தப் புள்ளி எழுந்தது என்று தடவிப் பார்த்து எழுது. மீதியை நான் கண்டுபிடிக்கிறேன். உன் தாள் கோப்பைப் பற்றித்தான் பேசுகிறது, ஒயரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. விஷயம் தெரிந்த ஒருவரிடமும் கேட்டுக்கொண்டேன்.

ஒரே ஒரு நிபந்தனை. எல்லாம் எழுத்தில், தேதியோடு இருக்க வேண்டும். நாளைக்கு எவனாவது "எங்க கோட திருடிட்டே" என்றால் இந்தக் கடிதங்களைத்தான் எடுத்துக் காட்டுவோம். போனில் மெஷினைப் பற்றி மூச்சு விடாதே. கடிதத்தில் வீட்டுக் கதை எழுதாதே. வக்கீல் படிக்க வேண்டி வரலாம்.

முகுந்தன்


ஈஜோக்
24 செப்டம்பர் 2025

மதிப்புக்குரிய வக்கீல் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். நான் இந்தப் பையனின் அக்கா. நல்ல பையன், ஆனால் பிடிவாதக்காரன். இன்னும் கல்யாணம் ஆகவில்லை. உங்கள் பார்வையில் நல்ல இடம் இருந்தால் சொல்லவும்.

இனி தம்பிக்கு. பெட்டி வந்தது, மாட்டினேன். பழைய கம்ப்யூட்டர் மயங்குவதற்கு முன்னால், அதன் பக்கம் மேசைக் காற்றாடியைத் திருப்பிவைத்து, ஒவ்வொரு எழுத்தாக அடித்தேன். பதிவுகளை அனுப்பியிருக்கிறேன். எந்தப் பதிவுக்கு எந்தப் புள்ளிகள் என்று தனியாக எழுதியிருக்கிறேன். அந்தக் கோப்பின் பக்கமே போகவில்லை. சத்தியம்.

மெஷினைப் பற்றி வேறென்ன? தாளை இழுக்கும்போது கிர்ரென்கும். ஒவ்வொரு வரியும் அடிப்பதற்கு முன்னால் ஒரு தடவை தொண்டையைச் செருமும், கூட்டத்தில் பேச எழுந்த தலைவர் மாதிரி. அப்புறம்தான் டகடகவென்று குத்தும். தாளை வெளியே தள்ளியதும் பெருமூச்சு விடும். அந்தச் சத்தத்துக்கு நம் வீட்டுப் பூனை மேசைக்கடியில் போய்விடுகிறது. பூனை வீட்டுக் கதையா, மெஷின் கதையா என்று நீயே முடிவு செய்துகொள்.

ராஜம்மா மகளும் உன் ஒரே அக்காவுமான
உஷாராணி


ஈஜோக்
12 அக்டோபர் 2025

முகுந்தா!

அ வந்துவிட்டது! நீ அனுப்பிய புரோகிராமைப் புதுக் கம்ப்யூட்டரில் போட்டேன். கணேஸ்வரன் அண்ணன்தான் பக்கத்தில் நின்று திரையைப் பார்த்தார். மெஷின் தாளை இழுத்தது. விரலை வைத்தேன். அ! அம்மாவின் கையைப் பிடித்து அதன்மேல் வைத்தேன். "என்னாடி இது, சொறி மாதிரி இருக்கு" என்றார். இருந்தாலும் சாமிக்கு முன்னால் கொண்டுபோய் வைத்திருக்கிறார்.

முழுப் பக்கம் அடித்தால்தான் வம்பு. முதல் இரண்டு வரி ஒழுங்காக விழுகிறது. அதற்கப்புறம் ஒரு வரி நகர்ந்து முந்தைய வரிமேல் ஏறிவிடுகிறது. இரண்டு வரியும் நாசம். தடவினால் புளியோதரை மாதிரி எல்லாம் கலந்து கிடக்கிறது.

தீபாவளிக்கு ஷிப்ட் என்று வராமல் இருக்கிறாய். பரவாயில்லை, திட்டவில்லை. அம்மா முறுக்கு சுட்டு அனுப்புகிறார். பெரிய பிஸ்கட் டின். தனியாகத் தின்னாமல் கூட வேலை செய்பவர்களுக்கும் கொடு.

அக்கா


பாயான் லெப்பாஸ்
22 அக்டோபர் 2025

அக்கா,

இதை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. நேராகவே சொல்லிவிடுகிறேன்.

டின் வந்தது. முறுக்கு பொறுபொறுவென்று இருந்தது. எண்ணெய் இறங்க அம்மா அடியிலும் நடுவிலும் தாள் போட்டிருந்தார். நம் குடும்பத்தைப் பற்றித்தான் உனக்குத் தெரியுமே, நாசி லெமாக் சோறு சுற்றிய காகிதத்தைக்கூடப் படித்துவிட்டுத்தான் எறிவோம். ஒரு கையில் முறுக்கு, ஒரு கையில் தாள். பாதிப் பக்கம் படித்த பிறகுதான் என்ன படிக்கிறேன் என்று புரிந்தது.

அது அந்தக் கம்பெனியின் கோடு. அச்சடித்த பிரதி.

அதைவிடக் கொடுமை, வரி ஏன் நகர்கிறது என்று பத்து நாளாக மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேனே, அந்த இடம்தான் அந்தப் பக்கம். அவர்கள் எப்படிச் சமாளித்திருக்கிறார்கள் என்று இப்போது எனக்குத் தெரியும். மறக்கவும் முடியவில்லை.

தாள்களைத் திரும்பப் படிக்காமல் உறையில் போட்டு ஒட்டிவிட்டேன், உனக்கே அனுப்புகிறேன். இனி இந்த டிரைவரில் நான் ஒரு வரிகூட எழுத முடியாது. மன்னித்துவிடு.

முகுந்தன்


ஈஜோக்
23 அக்டோபர் 2025

அடப்பாவி!

விடை தெரியும், ஆனால் எழுத மாட்டாய்! பந்தியில் உட்கார வைத்து, இலை போட்டு, சோறும் போட்டுவிட்டு, கையைக் கட்டிப்போட்ட கதையாக இருக்கிறது.

நடந்ததைக் கேள். சங்கத்திலிருந்து வந்த பெட்டியில் அந்தக் கோடு தாளிலும் இருந்திருக்கிறது. எனக்கு எல்லாத் தாளும் ஒன்றுதான், தடவினால் வழுவழு. அம்மாவைக் கேட்டேன். "ஒரு பக்கம் வெறும் வெள்ளை, இன்னொரு பக்கம் என்னமோ இங்கிலீஷு. நல்ல கெட்டி தாளு. வீணாப் போவுதேன்னு எடுத்தேன்" என்கிறார். உன் கடிதத்தைச் சொன்னதும் உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டார். "நானே எம்புள்ள வேலைய கெடுத்துட்டேனே"ன்னு. அவரைத் தேற்றுவதா, உன்னைத் திட்டுவதா?

எனக்குப் பயமாக இருக்கிறதுடா. உண்மையைச் சொல்கிறேன். மனப்பாடம் செய்து ஒப்பித்தால் அது வாசிப்பு இல்லை. வரியில் விரல் வைத்து வாசிக்கிற டீச்சராகத்தான் நான் அந்த வகுப்புக்குள் போக வேண்டும். இல்லையென்றால் நீ சொன்னதுதான் நடக்கும். பிள்ளைகள் ஒரே வாரத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

அரைப் பக்கம்தானே படித்தாய். யாருக்குத் தெரியும்?

உஷா


பாயான் லெப்பாஸ்
25 அக்டோபர் 2025

அக்கா,

எனக்குத் தெரியும். உனக்கும் தெரியும்.

அம்மாவை அழ வேண்டாம் என்று சொல். முறுக்கு தீர்ந்துவிட்டது, இன்னும் வேண்டும் என்று சொல். வெறும் டின்னில் போடட்டும்.

இனிமேல் செய்யப் போவது இது. கோத்தா கினபாலுவில் அகிலன் என்று ஒருவர், பொது டிரைவர்கள் எழுதுகிறவர். நேரில் பார்த்ததில்லை, வேலையைத் தெரியும். அவர் அந்தக் கோடின் நிழலைக்கூடப் பார்த்ததில்லை. முறுக்கு டின் வருவதற்கு முன்னால் நான் எழுதியது, உன் பதிவுகள், அக்டோபர் 12 வரை நம் இருவர் கடிதங்கள், எல்லாவற்றையும் அவருக்குக் கொடுத்துவிட்டேன். அதற்குப் பிறகு நடந்ததில் ஒரே ஒரு விஷயம்தான் சொன்னேன், நான் விலகிக்கொண்டேன் என்று. வரி நகர்வதைப் பற்றி என் வாயிலிருந்து ஒரு சொல்கூட வராது.

ஆமாம், கடிதங்களை அப்படியே கொடுத்தேன். வெட்டி ஒட்டினால் சாட்சியாகாது. எனக்குப் பெண் தேடியதும் அதில் போயிருக்கிறது.

இதில் ஒரு லாபமும் உண்டு. நான்தான் கெட்டுப்போனவன் ஆகிவிட்டேனே, இனி டிரைவர் எழுதப் போவதில்லை. அதனால் நாம் இருவரும் போனில் பேசலாம். எந்தத் தடையும் இல்லை. மெஷின் வரும்வரை நீ சும்மா இருக்காதே. ஆணியும் சட்டமும் வைத்துக் கையால் புள்ளி குத்துவாயே, அதை எடு. நான் வேலை முடிந்ததும் கூப்பிடுகிறேன். முதல் மாதப் பாடங்களை நான் வாசிக்கிறேன், நீ குத்து.

முகுந்தன்


ஈஜோக்
14 டிசம்பர் 2025

முகுந்தா,

நேற்று போனில் வாய் வலிக்கப் பேசிய பிறகும் எழுதுகிறேன், ஏனென்றால் இது கணக்கில் ஏற வேண்டிய செய்தி. அகிலனின் டிரைவர் வந்துவிட்டது. முழுப் பக்கம் அடித்தேன். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை ஒன்றின்மேல் ஒன்று ஏறவில்லை. மூன்று பக்கம் தடவிப் பார்த்துவிட்டு நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று அவருக்கு எழுதிக் கேட்டேன். "உங்கள் கடிதத்தில் இருக்கிறதே" என்கிறார். ஒவ்வொரு வரிக்கும் முன்னால் மெஷின் செருமும் என்று எழுதினேனே, அதைப் பிடித்துக்கொண்டாராம். செருமல் என்றால் ஏதோ தயாராகிறது. தயாரானதும் ஒயரில் பதில் சொல்லும். அந்தப் பதிலுக்குக் காத்திருக்காமல் அடுத்த வரியை அனுப்பினால் குழப்பம்தான். பதிவுகளில் தேடியிருக்கிறார், பதிலும் இருந்திருக்கிறது. கம்பெனி இதே வழியில்தான் போனதா என்று எனக்குத் தெரியாது. நீயும் சொல்லாதே.

வீட்டுக் கதை எழுதாதே என்று சொன்ன வக்கீலே, கேட்டுக்கொள்! பூனை இருந்த பத்தியில்தான் விடை இருந்தது.

அதோடு வந்த உரிமத் தாளையும் கம்ப்யூட்டரை வாசிக்கச் சொன்னேன். யாரும் பயன்படுத்தலாம், மாற்றலாம், பிரதி எடுத்துக் கொடுக்கலாம். கொடுக்கும்போது இதே உரிமையோடு கொடுக்க வேண்டும். அவ்வளவுதான். அந்த வானிலைக் குரலில்கூட நன்றாக இருந்தது.

பெண் விஷயமாகத் தன்னால் எதுவும் உதவ முடியவில்லை என்று அகிலன் வருத்தம் தெரிவித்திருக்கிறார்.

அக்கா


ஈஜோக்
25 ஜனவரி 2026

என் தம்பிக்கு,

இதைப் போனில் சொன்னால் அழுதுவிடுவேன். அதனால் எழுத்தில்.

முதல் நாள் வகுப்பில் பாடத்தாளை எடுத்து மேசைமேல் வைத்து வாசிக்க ஆரம்பித்தேன். நாலு வரி போயிருக்கும். முன் வரிசையிலிருந்து ஒரு குரல்: "டீச்சர் பொய் சொல்றாங்க. அந்தத் தாள்ல ஒண்ணுமே இல்ல. வெறும் வெள்ளை!" வகுப்பே சிரித்தது. நீ பயந்தது நடந்துவிட்டது என்று ஒரு நொடி எனக்கும் திக்கென்றது. அப்புறம் அந்தக் குரலுக்குச் சொந்தக்காரியை, நாலாம் வகுப்பு வாயாடியை, முன்னால் கூப்பிட்டேன். அவள் விரலைப் பிடித்து வரிமேல் வைத்தேன். வரியின் கடைசி வரை தடவினாள். "டீச்சர், இங்க என்னமோ இருக்கு" என்றாள். அதற்கப்புறம் எல்லோரும் வரிசையில் நின்றார்கள். பாடம் பாதிதான் நடந்தது. தலைமையாசிரியர் வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போனாராம்.

இது பாதிக் கதை. மீதியைக் கேள்.

நேற்று சுங்கை பஞ்சாங்கிலிருந்து பிரமிளா என்று ஒரு பெண் வீடு தேடி வந்தாள். கூட அவள் மகள், ஏழு வயது, பிறவியிலேயே பார்வை இல்லை. சங்கம் மூடியபோது என்னுடையது மாதிரியே ஒரு மெஷின் அவர்களுக்கும் கிடைத்திருக்கிறது. கம்ப்யூட்டரில் வேலை செய்யவில்லை என்று துணி போட்டு மூடி, அதன்மேல் அரிசி டின்னை வைத்திருக்கிறார்களாம். யாரோ பள்ளியில் என்னைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்கள்.

அந்தப் பிள்ளை வந்ததிலிருந்து என் பாடத்தாளை விடவில்லை. எழுத்து இன்னும் தெரியாது, ஆனால் கையை எடுக்க மாட்டேன் என்கிறது. பிரமிளா ரொம்பத் தயங்கித் தயங்கித்தான் கேட்டாள்.

"டீச்சர், அந்தப் புரோகிராம எங்களுக்கும் குடுப்பீங்களா? யார்கிட்டயாச்சும் பர்மிஷன் கேக்கணுமா?"

"யாரையும் கேக்க வேணாம்லா. எடுத்துட்டுப் போங்க. பக்கத்துல யாருக்காச்சும் வேணும்னா நீங்களும் குடுங்க" என்றேன்.

அவள் நம்பவில்லை. அந்த உரிமத் தாளைக் கம்ப்யூட்டரை விட்டு வாசிக்க வைத்தேன். அப்புறம்தான் பையிலிருந்து பென் டிரைவை எடுத்தாள். அம்மா வழக்கம்போல் அவளுக்கு முறுக்கு கட்டிக் கொடுத்தார், இந்தத் தடவை பிளாஸ்டிக் பையில்.

அவர்கள் போன பிறகு ரொம்ப நேரம் யோசித்தேன். செப்டம்பரில் நீ அந்தக் கோப்பைத் திறந்திருந்தால், அக்டோபரிலேயே என் வேலை முடிந்திருக்கும். என் வகுப்பும் நடந்திருக்கும். கையெழுத்துப் போட்ட தாளோடு அது என் வீட்டுக்குள்ளேயே இருந்திருக்கும். நேற்று அந்தப் பிள்ளை என் தாள்மேல் கை வைத்துக்கொண்டு நின்றபோது, அவள் அம்மாவிடம் நான் என்ன சொல்லியிருப்பேன்?

உன் அக்கா
உஷா